சும்மா நிற்கும் கார்... பார்வையற்றவர் கையில் கோலாக மாறுமா? - அமெரிக்காவின் வாகன தானமும் அதன் கணக்கும்!

கார் ஓடினாலும் பரவாயில்லை, ஓடாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு போன் செய்தால் போதும், வீட்டு வாசலுக்கே வந்து இலவசமாக இழுத்துப் போவோம். கிடைக்கும் பணம் பார்வையற்றவர்களுக்குப் போகும். உங்களுக்கு வரிச் சலுகையும் உண்டு. இந்த ரீதியிலான விளம்பரங்களை அமெரிக்காவில் ரேடியோவிலும் இணையத்திலும் அடிக்கடி கேட்கலாம், பார்க்கலாம்.

முதன்முறையாகக் கேட்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். பார்வையற்றவர்களுக்கு எதற்கு கார்? அதிலும் ஓடாத கார்? ஆனால், அமெரிக்காவில் வெகுகாலமாக நடந்துவரும் தானம் இது. அங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வரும் நம் ஊர்ப் பெற்றோர்கள் கவனித்திருப்பார்கள். வீட்டுக்கு இரண்டு கார், சில வீடுகளில் மூன்று. புது கார் வந்த பிறகு பழையது கேரேஜில் தூசி படிந்து நிற்கும். விற்கப்போனால் அலைச்சல், வைத்திருந்தால் இன்ஷூரன்ஸ் செலவு. 'யாருக்காவது உபயோகப்படட்டுமே' என்று நினைப்பவர்களைத்தான் இந்த விளம்பரங்கள் தேடி வருகின்றன.

நல்ல எண்ணம்தான். ஆனால் கொடுத்த காரில் எவ்வளவு பங்கு பார்வையற்றவரைப் போய்ச் சேருகிறது? அதற்கான பதில், சாவியைக் கொடுப்பவர் கேட்கும் சில கேள்விகளில்தான் இருக்கிறது.

கார் இல்லையென்றால் காலே இல்லை!

அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 1.2 கோடி பேருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் பார்வையற்றவர்கள் என்கிறது அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். சர்க்கரைநோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு, கண் நீர் அழுத்த நோய், வயதானவர்களுக்கு வரும் மாக்குலா சிதைவு ஆகியவை முக்கியக் காரணங்கள். அதாவது, பலர் பிறவியிலேயே பார்வையற்றவர்கள் இல்லை. பல வருடங்கள் கார் ஓட்டி, வேலைக்குப் போய், பேரப்பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வாழ்ந்தவர்கள்.

நியூயார்க் போன்ற சில நகரங்களை விட்டுவிட்டால், கார் இல்லாமல் பால் பாக்கெட்கூட வாங்க முடியாத ஊர்கள்தான் அங்கே அதிகம். பார்வை போகும்போது கூடவே டிரைவிங் லைசென்ஸும் போகிறது. கடை, மருத்துவமனை, சர்ச், நண்பர் வீடு எல்லாமே ஒரே நாளில் தூரமாகிவிடுகின்றன. 1990-ம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வழக்கமான பஸ்ஸைப் பயன்படுத்த முடியாதவர்களுக்குத் தனி வாகன சேவை தர வேண்டும். ஆனால், பஸ் போகும் பாதையிலிருந்து முக்கால் மைல், அதாவது சுமார் 1.2 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சட்டம் கட்டாயம். பஸ்ஸே போகாத ஊரில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

அதனால்தான் பார்வை இழந்தவருக்கு முதலில் தேவைப்படுவது, தனியாக வெளியே போய்வரும் தைரியம். கோல் பிடித்து நடக்கப் பயிற்சி, வழிகாட்டி நாய், பிரெய்ல், பேசும் மென்பொருள் என்று அந்த தைரியத்துக்குப் பல வடிவங்கள். இதற்கெல்லாம் பணம் வேண்டும். அந்தப் பணத்தின் ஒரு பகுதி, கேரேஜில் நிற்கும் பழைய காரிலிருந்து வருகிறது.

சாவி கைமாறிய பிறகு என்ன நடக்கும்?

தானமாகக் கொடுத்த காரை அப்படியே ஒரு பார்வையற்றவரின் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. போனிலோ இணையத்திலோ தகவல் சொன்னதும் இழுவை வண்டி வரும். உரிமையாளர், காரின் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஓடும் நிலையில் இருந்தால் கார் ஏலத்துக்குப் போகும். ஓடாது என்றால் உதிரி பாகங்களுக்காகவோ, பழைய இரும்பு விலைக்கோ விற்கப்படும்.

பல தொண்டு நிறுவனங்கள் இந்த வேலையைத் தாங்களே செய்வதில்லை. இதற்கென்றே இருக்கும் இடைநிலை கம்பெனிகளிடம் விட்டுவிடுகின்றன. காரை இழுத்துப்போன கூலி, ஏலக் கட்டணம், விளம்பரச் செலவு, கம்பெனியின் பங்கு எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் தொண்டு நிறுவனத்துக்கு வரும். 'இலவசமாக இழுத்துப் போவோம்' என்றால், கொடுப்பவருக்கு இலவசம் என்று அர்த்தம். அந்தச் செலவு கார் விற்ற பணத்திலிருந்துதான் போகிறது.

2,400 டாலர் கணக்கு... கிடைத்ததோ 31.50 டாலர்!

இந்த மிச்சம் எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதை, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ 2003 நவம்பரில் வெளியிட்ட ஓர் அறிக்கை புட்டுப்புட்டு வைத்தது. 2000-ம் ஆண்டுக்கான வரிக் கணக்கில் மட்டும் சுமார் 7,33,000 பேர் வாகன தானத்துக்குச் சலுகை கேட்டிருந்தார்கள். அதனால் அவர்களுக்கு மிச்சமான வரி சுமார் 65.4 கோடி டாலர். அப்போது காரின் மதிப்பு என்ன என்பதைக் கொடுப்பவரே சந்தை விலையை வைத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜி.ஏ.ஓ 54 வாகன தானங்களை எடுத்து, ஆரம்பம் முதல் கடைசி வரை பின்தொடர்ந்து பார்த்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தானங்களில், கொடுத்தவர் வரிக் கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவிகிதமோ அதற்கும் குறைவாகவோதான் தொண்டு நிறுவனத்துக்குப் போயிருந்தது.

அதில் ஒரு கதை. 1983-ம் வருடத்து ஜி.எம்.சி டிரக் ஒன்றை 2001-ல் ஒருவர் தானமாகக் கொடுத்தார். வரிக் கணக்கில் அவர் காட்டிய மதிப்பு 2,400 டாலர். ஏலத்தில் அது போன விலை 375 டாலர். செலவுகளைக் கழித்த பிறகு மிஞ்சியது 63 டாலர். அதை நிதி திரட்டிய கம்பெனியும் தொண்டு நிறுவனமும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தொண்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது 31 டாலர் 50 சென்ட்!

இதில் யாரும் திருடவில்லை. எல்லாம் சட்டப்படியே நடந்தது. கொடுத்தவர் 2,400 டாலர் கொடுத்த திருப்தியோடு இருந்தார். போய்ச் சேர்ந்ததோ ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்கான காசு.

சட்டம் மாறியது

2004-ல் கொண்டுவரப்பட்ட சட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் சலுகை கேட்டால், காரை விற்று உண்மையில் கிடைத்த விலையைத்தான் காட்ட முடியும். சந்தை மதிப்பு 3,000 டாலர் என்று நீங்கள் நினைத்த கார் ஏலத்தில் 1,200 டாலருக்குப் போனால், உங்கள் கணக்கில் 1,200 மட்டுமே. விற்ற 30 நாள்களுக்குள் தொண்டு நிறுவனம் 1098-சி என்ற படிவத்தைத் தர வேண்டும். விற்ற விலை அதில் இருக்கும்.

500 டாலருக்கும் குறைவாக விற்றால், 500 டாலர் அல்லது காரின் சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதைக் காட்டலாம். தொண்டு நிறுவனம் காரை விற்காமல் தன் பணிக்கே கணிசமாகப் பயன்படுத்தினால், பெரிய அளவில் பழுது பார்த்து மதிப்பைக் கூட்டினால், அல்லது வசதியில்லாத ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ கொடுத்தால் முழுச் சந்தை மதிப்பையும் காட்டலாம்.

சலுகை என்றதும் 1,200 டாலரும் வரியில் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வரி போடும் வருமானத்தில்தான் அந்தத் தொகை குறையும். 22 சதவிகித வரி கட்டுபவருக்கு மிச்சமாவது அதிகபட்சம் 264 டாலர். அதுவும், செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கணக்கு தாக்கல் செய்பவர்களுக்கு மட்டும். 2018-ல் நிலையான கழிவுத் தொகை உயர்த்தப்பட்ட பிறகு, பெரும்பாலான அமெரிக்கர்கள் அப்படிப் பட்டியலிடுவதே இல்லை. போதாக்குறைக்கு, 2026 முதல் வருமானத்தில் அரை சதவிகிதத்தைத் தாண்டும் நன்கொடைக்குத்தான் சலுகை. ஆக, வரிக்காகவே காரைக் கொடுப்பவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

அந்தப் பணம் என்னவாக மாறுகிறது?

நல்ல அமைப்பின் கையில் போய்ச் சேர்ந்தால், சின்னத் தொகைக்கும் பெரிய மதிப்பு உண்டு. வாகன தானம் பெறும் அமைப்புகளில் ஒன்று 'நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் தி பிளைண்ட்'. 1940-ல் பார்வையற்றவர்களே சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு இது. பேராசிரியரும் சட்ட அறிஞருமான ஜேக்கபஸ் டென்புரூக் இதன் முதல் தலைவர். அவரும் பார்வையற்றவர். கேட்கும் பார்வையற்றவர்களுக்கு வெள்ளைக் கோலை இலவசமாக அனுப்பிவைக்கிறது இந்த அமைப்பு. போனில் ஒரு நம்பரை அழைத்தால் அன்றைய செய்தித்தாளை வாசித்துக் காட்டும் சேவையும், குழந்தைகளுக்கு பிரெய்ல் கற்றுத்தரும் கோடை வகுப்புகளும் நடத்துகிறது.

கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் நகரில் இருக்கும் 'கைடு டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்' இன்னொரு அமைப்பு. இதுவும் பழைய வாகனங்களை ஏற்றுக்கொள்கிறது. 1942-ல் தொடங்கப்பட்டு, பார்வை இழந்தவர்களுக்கு வழிகாட்டி நாய்களை இலவசமாகத் தருகிறது. ஒரு நாய் தயாராவது லேசான காரியமில்லை. குட்டியாக இருக்கும்போதே ஒரு தன்னார்வலர் குடும்பம் அதை வீட்டுக்கு அழைத்துப் போகும். பஸ், கடை, கூட்டம், சத்தம் என எல்லாவற்றையும் அதற்குப் பழக்கும். ஒரு வருடத்துக்கும் மேல் வளர்த்த பிறகு, கண்ணீரோடு திருப்பிக் கொடுக்கும். பிறகு, பல மாதங்கள் பயிற்சியாளரிடம். கடைசியில், யாருக்கு வழிகாட்டப் போகிறதோ அவரோடு சேர்ந்து பயிற்சி. தீவனம், மருத்துவம், பயிற்சியாளர் சம்பளம் என இத்தனை செலவும் நன்கொடையில்தான் ஓடுகிறது.

காரும் வெள்ளைக் கோலும்

காருக்கும் பார்வையற்றவர்களுக்கும் உள்ள உறவு இந்தத் தானத்தில் தொடங்கியதில்லை. வெள்ளைக் கோல் பிறந்ததே கார்களால்தான்! 1921-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் ஒரு விபத்தில் பார்வையை இழந்தார். அவர் வீட்டைச் சுற்றி மோட்டார் வண்டிகள் பெருகியிருந்தன. ஓட்டுபவர்களின் கண்ணில் படட்டும் என்று தன் கைத்தடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார். 1930-ல் அமெரிக்காவின் பியோரியா நகரம், வெள்ளைக் கோலோடு சாலையைக் கடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று விதியே கொண்டுவந்தது.

வழிகாட்டி நாயின் கதையிலும் கார்கள் வருகின்றன. அமெரிக்க இளைஞர் மோரிஸ் ஃபிராங்க் சுவிட்சர்லாந்துக்குப் போய், 'படி' என்ற நாயோடு பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1928-ல் நியூயார்க்கில், பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாகனங்கள் சீறிப்பாயும் சாலையை அந்த நாயை மட்டும் நம்பிக் கடந்துகாட்டினார். மறு வருடமே 'தி சீயிங் ஐ' என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி உருவானது.

சத்தமே போடாத ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்கள் வந்தபோது புதிய ஆபத்து முளைத்தது. கார் வருவதைக் காதால் அறிபவர்களுக்கு, சத்தமில்லாத கார் எமன் மாதிரி. பார்வையற்றோர் அமைப்புகள் போராடின. மெதுவாகப் போகும்போது இந்த கார்கள் ஒலி எழுப்ப வேண்டும் என்பதற்கான சட்டத்தில் 2011 ஜனவரியில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார்.

அதே மாதம் இன்னோர் அதிசயமும் நடந்தது. டேடோனா பந்தயத் தடத்தில், பார்வையற்றவரான மார்க் ரிக்கபோனோ யாருடைய துணையும் இல்லாமல் கார் ஓட்டினார். சென்சார்கள் கண்டதை, அதிரும் கையுறைகளும் இருக்கை விரிப்பும் அவருக்கு உணர்த்தின. முன்னே போன வேனிலிருந்து வீசப்பட்ட பெட்டிகளைத் தவிர்த்து, அந்த வேனையே முந்திச் சென்றார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதைச் செய்துகாட்டியது நேஷனல் ஃபெடரேஷன்தான். 2014-ல் ரிக்கபோனோ அதன் தலைவரானார். பழைய கார்களை வாங்கிக்கொள்ளும் அமைப்பு, பார்வையற்றவர் ஓட்டும் காரைப் பற்றியும் கனவு காண்கிறது!

சாவியைக் கொடுக்கும் முன்...

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் உறவினர்கள் காரைத் தானமாகக் கொடுக்க யோசித்தால், இவற்றைச் சொல்லிவையுங்கள்.

1. விளம்பரத்தில் இருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ்ஸின் இணையதளத்தில், பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களைத் தேடும் வசதி இருக்கிறது. பிரபலமான அமைப்பின் பெயரைப் போலவே ஒலிக்கும் வேறு பெயர்களும் உண்டு என்பதால், எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பது நல்லது.

2. "கார் விற்ற பணத்தில் உங்களுக்கு எத்தனை சதவிகிதம் வரும்?" என்று தொண்டு நிறுவனத்திடமே நேரடியாகக் கேளுங்கள். சில நிறுவனங்களுக்கு காருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகைதான் வரும். கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல நிறுவனம் தெளிவாகப் பதில் சொல்லும்.

3. வந்த பணத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். 'பார்வையற்றோர் நலன்' என்பது போதாது. கோலா, பயிற்சியா, நாயா, ஆராய்ச்சியா?

4. கார் நன்றாக ஓடும் நிலையில் இருந்தால், நீங்களே விற்றுப் பணத்தை நன்கொடையாகக் கொடுப்பதுதான் லாபம். நடுவில் யாருக்கும் பங்கு போகாது. விற்கவே முடியாத வண்டிக்கும், விற்க நேரமோ தெம்போ இல்லாதவர்களுக்கும் வாகன தானம் சரியான வழி.

5. உரிமைப் பத்திரத்தில் வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கார் கைமாறியதை மாநிலப் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால், அந்த கார் வாங்கும் பார்க்கிங் அபராதம் உங்கள் வீட்டுக்கே வரும். நம்பர் பிளேட்டைக் கழற்ற வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

6. டேஷ்போர்டு, டிக்கி எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். காரில் சேமித்துவைத்த போன் நம்பர்கள், வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். கேரேஜ் ரிமோட்டை எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

நம் ஊரில் கொடுக்கலாமா?

படிக்கும்போதே வாசலில் நிற்கும் பழைய ஸ்கூட்டர் ஞாபகத்துக்கு வந்திருக்கும். இந்தியாவில் கணக்கு வேறு. 80ஜி பிரிவாக நமக்குப் பழகிப்போன நன்கொடைச் சலுகை, பணமாகக் கொடுத்தால் மட்டுமே உண்டு. வண்டி, துணி, அரிசி என்று பொருளாகக் கொடுத்தால் கிடையாது. ரொக்கமாக என்றால் 2,000 ரூபாய் வரைதான். அதற்கு மேல் செக் அல்லது வங்கி மூலம் கொடுக்க வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை.

எனவே இங்கே எளிய வழி, வண்டியை விற்று, பணத்தை நம்பகமான அமைப்புக்குக் கொடுத்து ரசீது வாங்குவது. விற்கும்போது 29, 30 படிவங்களைக் கொடுத்து ஆர்.சி-யைக் கட்டாயம் மாற்றிவிடுங்கள். வண்டியை யாரிடம் கொடுத்திருந்தாலும், ஆர்.டி.ஓ ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஓடவே ஓடாது என்றால், பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்து அதற்கான சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பணம் இங்கே என்னவாக மாறும்? டெல்லி ஐ.ஐ.டி-யில் உருவாகி 2014-ல் வெளிவந்த 'ஸ்மார்ட் கேன்' ஓர் உதாரணம். சாதாரணக் கோல் தரையில் இருக்கும் தடையைத்தான் சொல்லும். தாழ்ந்து தொங்கும் மரக்கிளையோ, நிறுத்திவைத்த லாரியின் பின்பக்கமோ நெஞ்சிலோ முகத்திலோ இடித்த பிறகுதான் தெரியும். ஸ்மார்ட் கேன் அதை ஒலியலையால் முன்கூட்டியே கண்டு, கைப்பிடியில் அதிர்வாகச் சொல்லிவிடும். கூடவே, அதைப் பிடித்து நடக்கக் கற்றுத்தரும் பயிற்சியாளரின் சம்பளத்துக்கும் பணம் தேவை.

துருப்பிடித்துக்கொண்டிருக்கும் வண்டி, யாருக்கோ பஸ் ஸ்டாண்டு வரை தனியாகப் போய்வரும் தைரியமாக மாற முடியும் என்பது பெரிய விஷயம். கொடுப்பதோடு முடிந்தது என்று இருந்துவிடாமல், ஒரு மாதம் கழித்து ஒரு போன் போட்டு, "வண்டி எவ்வளவுக்குப் போச்சு? அதுல உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்பவர்கள் பெருகினாலே, நடுவில் கரையும் பணம் குறையும்.